பாலம் இல்லாத ஆறு

சென்ற மாதம் எங்கள் தெருவில் அண்ணாச்சி ஒருவர் காலமானார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், சி.எஸ்.ஐ. சபைக்காரர். மறுநாள் காலையில் தெருமுனைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போட்டிருந்தது. டீக்கடையில் என் பக்கத்தில் நின்றவர் அதைப் படித்துவிட்டு, "செத்துப்போனவரத் தூங்குதாருன்னு போட்டிருக்கே, என்னவே இது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நான் சிறுவயதில் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். கல்லறைத் தோட்டத்துக்கு அந்த மொழியில் 'சிமெத்தியேர்' என்று பெயர். அந்தச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. படுத்துறங்கும் இடம் என்று பொருள். புதைக்கும் இடத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஆதிக் கிறிஸ்தவர்கள். தூங்குகிறவன் ஒரு நாள் எழுந்திருப்பான் என்ற எண்ணம்தான் காரணம். ஆத்துமா மட்டும் தப்பிப் போவதாக அவர்கள் விசுவாசப் பிரமாணம் சொல்லவில்லை. சரீரமும் உயிர்த்தெழும் என்கிறது. பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் விதையை உவமையாகச் சொல்கிறார். மண்ணுக்குள் போன விதை செத்தால்தான் பயிர் வரும் என்பது அவர் வாதம். கரிசல் காட்டில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

டீக்கடைக்காரருக்கு இவ்வளவும் சொல்ல நேரமில்லை. பாதி சொன்னேன், தலையாட்டிவிட்டுப் போனார்.

எனக்கு மனசில் கிடந்தது வேறு விஷயம். அண்ணாச்சி கடைசி இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். நான் சாயங்காலம் போய் உட்காருவேன். வாழ்நாள் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தவறாத மனிதர். அவருக்குச் சாவைக் கண்டு பயம் வந்துவிட்டது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், "இரட்சிக்கப்பட்டவங்க பயப்படலாமா? விசுவாசம் கொறஞ்சுபோச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் என்னிடம், "அவன் சொன்னது நெசமா இருக்குமோ தம்பி?" என்றார்.

நான் அவர் சபையைச் சேர்ந்தவன் இல்லை. தாலுகா ஆபீஸ் கோப்பு பார்த்தவனுக்கு இதற்கு என்ன பதில் தெரியும்? அவர் தலைமாட்டில் 'இரட்சணிய யாத்திரிகம்' இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த நூலை எழுதிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை நம் ஜில்லாக்காரர். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில் 1827-இல் பிறந்தார். வைணவ வேளாளர் குடும்பம். தகப்பனார் பெயர் சங்கரநாராயண பிள்ளை; நம் ஊர் சாமி பெயர்தான். ஆழ்வார் பாசுரத்திலும் கம்பனிலும் ஊறி வளர்ந்தவர், 1853-இல் சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். ஐந்து வருஷம் கழித்து, 1858-இல், சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்ஃபிரெட் என்ற பெயர் அப்போது சேர்ந்தது. கிருஷ்ண என்பதை அவர் எடுக்கவில்லை. அந்தக் காலத்தில், அந்தக் குடும்பத்தில், அது எத்தனை பெரிய இடி என்பதை நம் வயதுக்காரர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது 67. மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள், ஐந்து பருவங்கள். மூலக்கதை இங்கிலாந்தில் ஜான் பனியன் எழுதியது. பனியன், ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660-இல் பிடிபட்டுப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தவர். அவருடைய கதை 1678-இல் அச்சானது. தமிழில் உரைநடையாக 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் பல வீடுகளில் இருந்திருக்கிறது.

கதை எளிது. முதுகில் பெரிய சுமையோடு ஒருவன் நாச நகரத்தை விட்டு மோட்ச நகரத்துக்குப் புறப்படுகிறான். சுமை என்பது பாவம். ஒரு விஷயத்தை நான் இந்த முறைதான் கவனித்தேன். சுமை கதையின் கடைசியில் இறங்குவதில்லை. சிலுவையைக் கண்டதும், பயணத்தின் ஆரம்பப் பகுதியிலேயே, கட்டு அவிழ்ந்து உருண்டு ஒரு கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அவனாகச் சம்பாதித்து அடைத்த கடன் இல்லை அது, வேறொருவர் அடைத்தது. புண்ணியக் கணக்கு, பாவக் கணக்கு என்று வரவு செலவு எழுதிப் பழகிய எனக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிருஷ்ண பிள்ளை இந்த இடத்தைப் பனியன் மாதிரி சுருக்கமாக விடவில்லை. இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் 'இரட்சணிய சரிதப் படலம்' என்று தனியாகவே விரித்துப் பாடியிருக்கிறார். கம்பனைக் கரைத்துக் குடித்தவர் கை அங்கே தெரியும்.

சுமை இறங்கிய பிறகும் பயணம் முடியவில்லை. கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. கடைசியில், நகரத்து வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஓர் ஆறு. பாலம் கிடையாது. அதுதான் மரணம்.

வைணவ அன்பர்களுக்கு விரஜை நதி ஞாபகம் வரும். உயிர் அதில் மூழ்கி எழுந்து வைகுண்டம் சேர்கிறது என்பார்கள். இராப்பத்தின் கடைசி நாள் பெருமாள் கோயில்களில் நம்மாழ்வார் மோட்சம் நடத்துவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பனியன் கதையிலும் ஆற்றைக் கடந்தவர்களை எக்காளம் ஊதி எதிர்கொண்டு அழைக்கிறார்கள். கரையிருப்பிலிருந்து வந்தவருக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். அவர் மதம் மாறினார். காதில் விழுந்து வளர்ந்த தமிழை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆற்றில் இறங்குவது இருவர். கதாநாயகனும், நம்பிக்கை என்னும் பொருளுடைய பெயர் கொண்ட தோழனும். இறங்கியதும் மூழ்கத் தொடங்குகிறவன் கதாநாயகன்தான்! சிலுவையடியில் சுமை இறங்கியவன், சிங்கத்தையும் அரக்கனையும் தாண்டி வந்தவன், அங்கே பயந்து நடுங்குகிறான். பழைய பாவங்கள் நினைவுக்கு வந்து வாட்டுகின்றன. வாசல் தனக்குத் திறக்காது என்று புலம்புகிறான். தோழன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு, தன் காலுக்குத் தரை தட்டுப்படுகிறது என்று தைரியம் சொல்கிறான். இந்தத் தவிப்பு தேவன் அவனைக் கைவிட்டதற்கு அடையாளம் இல்லை என்றும் சொல்கிறான். இருவரும் கரையேறுகிறார்கள்.

அதே ஆற்றை இன்னொருவன் சுலபமாகக் கடக்கிறான். அறியாமை என்பவன். வீண் நம்பிக்கை என்ற படகோட்டி அவனை நோகாமல் அக்கரை சேர்த்துவிடுகிறான். வாசலில் சான்றிதழ் கேட்கிறார்கள். மடியில் துழாவிப் பார்க்கிறான், இல்லை. அவனைக் கட்டி நரகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். முப்பது வருஷம் சான்றிதழ் கேட்டே பிழைத்த எனக்கு இந்த இடம் சங்கடம்தான். பாவம், தெரியாமல் வந்தவனை அப்படிச் செய்திருக்க வேண்டாம். ஆனால் பயமே இல்லாமல் கடந்தவன் வெளியே நிற்க, பயந்து மூழ்கியவன் உள்ளே போகிறான் என்பதைக் கவனித்தேன்.

இந்த 'நம்பிக்கை' என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. பழைய புரொட்டஸ்டண்ட் வேதாகமத்தில் மூன்று குணங்கள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று வருகின்றன. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே மூன்று, நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒருவருக்கு இரண்டாவதாக இருப்பது இன்னொருவருக்கு முதலாவது. பிரெஞ்சில் இரண்டாவது குணத்துக்கே இரண்டு சொல் உண்டு. மழை வரும், பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்பது 'எஸ்புவார்'. சாவுக்கு அப்பாலும் கை விடாதது 'எஸ்பெரான்ஸ்'. ஷார்ல் பெகி என்ற கவிஞர் 1911-இல் ஒரு நீண்ட கவிதையில் அதை ஒரு சின்னப் பெண்ணாக எழுதினார். இரண்டு அக்காள்மார் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடக்கிறது. பார்ப்பவர்கள் பெரியவர்கள் கூட்டிப்போவதாக நினைக்கிறார்கள். இழுத்துக்கொண்டு போவது குழந்தைதான். அவர் மூன்றே வருஷத்தில், 1914 செப்டம்பரில், போரில் குண்டு பட்டு இறந்தார்.

மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சியிடம் போனேன். பாட்டாக வாசிக்க எனக்கு மூச்சு போதாது. அவர் அலமாரியில் இருந்த மோட்சப் பிரயாணத்தை எடுத்து ஆறு வரும் பகுதியை வாசித்தேன். அவர் சின்ன வயதிலிருந்து அறிந்த கதை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அவனுந்தான் பயந்திருக்கான்" என்றார். பிறகு, "கால்ல தரை தட்டுதுன்னு சொல்லுவாம்லா, அத இன்னொரு தடவ வாசிங்க தம்பி" என்றார்.

அதற்குப் பிறகும் அவருக்குப் பயம் போய்விடவில்லை. ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டார் என்று டீச்சரம்மா சொன்னார்கள். ஆனால் அந்த உறவினர் கேட்டதை அவர் திரும்ப எடுக்கவே இல்லை.