தஞ்சாவூருக்கு அடித்த இரண்டு காசுகள்

மும்பையில் பல வருடம் குப்பை கொட்டிய தமிழ்க் குடும்பமா நீங்கள்? அப்படியானால் வீட்டில் எங்காவது ஒரு வள்ளுவர் காசு கிடக்கும், தேடிப் பாருங்க. 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக மத்திய அரசு வெளியிட்டது. 2 ரூபாயிலும் 5 ரூபாயிலும் வந்தது. ரயில் டிக்கெட் கவுன்ட்டரில், வடாபாவ் கடையில், மீதிச் சில்லறையோடு வள்ளுவரும் கைக்கு வந்துவிடுவார். முன்பதிவெல்லாம் கிடையாது!

நினைவு நாணயம் என்பது தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-ல், நேரு மறைந்த ஆண்டில், 50 பைசாவிலும் 1 ரூபாயிலும் வந்தது. நாடு முழுக்கக் கைமாறித் தேய்ந்தது. 1969-ல் காந்தி நூற்றாண்டின்போதுதான் பாதை பிரிந்தது. 20 பைசா, 50 பைசா, 1 ரூபாய் எல்லாம் சில்லறையாகப் புழங்கின. கூடவே 15 கிராமில் ஒரு 10 ரூபாய், அதில் 80 சதவீதம் வெள்ளி. வெள்ளியை யார் கடையில் நீட்டுவார்கள்? பீரோவுக்குள் போய்விட்டது.

தஞ்சாவூருக்கான இரண்டாவது காசு இந்த பீரோ வகை. பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக, 2010 என்று ஆண்டு பொறித்த 1000 ரூபாய் நாணயம். எடை 35 கிராம், அதில் 28 கிராம் வெள்ளி. (அதே கோயிலுக்கு 5 ரூபாயும் உண்டு, அது சில்லறையாக வந்தது.) பெரிய காசை நாணயச்சாலையில் பணம் கட்டிப் பதிவு செய்து, முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்குத்தான் வாங்க முடிந்தது. 2011 நாணயச் சட்டப்படி 1000 ரூபாய்தான் உச்சவரம்பு. ராஜராஜனுக்குப் பொருத்தம்தான் :-)

என் பையன் மும்பையில் பிறந்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். "அப்பா, இதை கிரேடிங்குக்கு அனுப்பலாமே" என்று நச்சரிக்கிறான். அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ். (1986), என்.ஜி.சி. (1987) என்று இரண்டு நிறுவனங்கள் உண்டு. காசைச் சோதித்து, 70-க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவார்கள். அதென்ன 70? 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்க சென்ட் காசுகளுக்காகப் போட்ட கணக்கு அது. அடையாளம் மட்டும் தெரிகிற காசு 1 டாலர் என்றால், புத்தம்புதிதாக இருப்பது 70 டாலர். விலை எங்கோ போய்விட்டது, எண் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

60 முதல் 70 வரை என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. கண்ணாடி மாதிரி மெருகேற்றி, கைபடாமல் பெட்டியில் வைத்து விற்ற 1000 ரூபாய் உயர்ந்த மதிப்பெண் வாங்குவதில் என்ன அதிசயம்? கட்டணமும் கடல்கடந்த தபால் செலவும் கொடுத்து அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மனசில்லை. போலிதானா என்ற சந்தேகம் இருந்தால் அனுப்பலாம், விற்கிற எண்ணம் இருந்தாலும் அனுப்பலாம். நேரு ரூபாய் ஒன்று தேயாமல் இத்தனை வருடம் தப்பித்திருந்தால், அதற்குச் செலவு செய்வேன்.

பரணில் அப்படி ஒன்று கிடைத்தால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீங்க. தேய்த்த காசுக்கு, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி, எண் போடாமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.