உயர்மின் கோபுர வடிவமைப்பு

உயர்மின் கோபுரம் என்பது, உயர் மின்னழுத்தத்தில் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் வெற்றுக் கம்பிகளை நிலத்திலிருந்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றிலிருந்தும் போதிய தொலைவில் தாங்கி நிற்கும் அமைப்பு ஆகும். மின்செலுத்துக் கோபுரம் எனவும் இது அழைக்கப்படுகின்றது. மரம், கற்காரை, எஃகுக் குழாய் ஆகியவற்றாலும் இவை அமைக்கப்படுவதுண்டு எனினும், 132 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள தடங்களில் பெரும்பாலும் எஃகுப் பின்னல் கோபுரங்களே பயன்படுகின்றன. கம்பியின் எடையைத் தாங்குவதே கோபுரத்தின் முதன்மைப் பணி எனப் பலரும் கருதுவர். உண்மையில் வடிவமைப்பைத் தீர்மானிப்பவை, பக்கவாட்டில் வீசும் காற்றும், தடத்தின் திருப்பங்களில் ஏற்படும் இழுவையும், கம்பி அறும்போது நேரும் அதிர்ச்சியுமே ஆகும்.

தொடக்கம்

1891 ஆம் ஆண்டில் செருமனியின் லாஃபன் நகரிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தொலைவுக்கு மும்முனை மின்சாரம் செலுத்திக் காட்டப்பட்டது. அத்தடத்தின் கம்பிகளைத் தாங்கியவை ஏறத்தாழ 3,000 மரக் கம்பங்கள். மின்னழுத்தம் உயர உயரக் கம்பிகளுக்கிடையே வேண்டிய தொலைவும் உயரமும் கூடின. மரக் கம்பங்கள் அதற்குப் போதவில்லை. பிரித்தானியாவில் தேசிய மின்தொடரமைப்பு உருவானபோது, 1928 ஆம் ஆண்டில், மில்லிக்கன் பிரதர்சு என்ற அமெரிக்க நிறுவனத்தின் பின்னல் கோபுர வடிவத்தைக் கட்டடக் கலைஞர் சர் ரெசினால்டு புளோம்ஃபீல்டு தெரிவு செய்தார். இன்று அந்நாட்டு வயல்வெளிகளில் காணப்படும் கோபுரங்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

உயரம் எவ்வாறு கணிக்கப்படுகின்றது

இரு கோபுரங்களுக்கிடையே கட்டப்பட்ட கம்பி நேர்கோடாக நிற்பதில்லை. நடுவில் தாழ்ந்து தொங்கும். இத்தாழ்வு தொய்வு எனப்படும். தொய்வு சிறிதாக இருக்கும்போது அதன் அளவைப் பின்வருமாறு கணிக்கலாம்:

தொய்வு = (ஓரலகு நீளத்தின் எடை × இடைத்தூரத்தின் இருபடி) ÷ (8 × இழுவிசை)

இந்தியாவில் 400 கிலோவோல்ட் தடங்களில் பரவலாகப் பயன்படும் 'மூசு' வகைக் கம்பியை எடுத்துக்கொள்வோம். எஃகுப் புரிகளைச் சுற்றி அலுமினியப் புரிகள் முறுக்கப்பட்ட இக்கம்பியின் விட்டம் 31.77 மில்லிமீட்டர், நிறை மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம். கோபுரங்களுக்கிடையே 400 மீட்டர் தூரமும் கம்பியில் 35 கிலோநியூட்டன் இழுவிசையும் இருப்பின், தொய்வு 11.2 மீட்டர் ஆகும். மின்னோட்டத்தாலும் வெயிலாலும் கம்பி 75 பாகை செல்சியசு வரை சூடேறி நீளும்போது அது 13 மீட்டரை நெருங்கும். கம்பியை இறுக்கிக் கட்டித் தொய்வைக் குறைக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் இறுக்கம் கூடினால் காற்றில் ஏற்படும் நுண்ணதிர்வால் புரிகள் களைப்புற்று அறுகின்றன. திருப்பங்களில் உள்ள கோபுரங்களின் மீதான இழுவையும் கூடுகின்றது.

400 கிலோவோல்ட் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே இந்திய விதிகளின்படி குறைந்தது 8.84 மீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். இதனுடன் 13 மீட்டர் தொய்வையும், பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டுகளைக் கோத்த மின்காப்பிச் சரத்தின் நீளம் ஏறத்தாழ 4 மீட்டரையும் கூட்டினால், மிகத் தாழ்ந்த குறுக்குக்கை 26 மீட்டர் உயரத்தில் அமையும். இரட்டைச் சுற்றுக் கோபுரத்தில் இதற்கு மேல் 8 மீட்டர் இடைவெளிகளில் இன்னும் இரு குறுக்குக்கைகள் வரும். உச்சியில் மின்னலைத் தன்மேல் ஏற்று நிலத்துக்குக் கடத்தும் புவிக்கம்பிக்காக மேலும் 6 மீட்டர் சேர்ப்பின், மொத்த உயரம் 48 மீட்டர் ஆகின்றது. இவ்வாறு, கோபுரத்தின் உயரம் பெருமளவு தொய்வாலும் மின்னழுத்தத்தாலும் முன்கூட்டியே முடிவாகிவிடுகின்றது. பொறியாளரின் விருப்பத்துக்கு அதில் அதிக இடமில்லை.

சுமைகள்

மேற்கூறிய கோபுரத்தில் ஒவ்வொரு முனைக்கும் இரட்டைக் கம்பி எனக் கொண்டால், மொத்தம் 12 கம்பிகள் இருக்கும். 400 மீட்டர் நீளத்துக்கு அவற்றின் எடை ஏறத்தாழ 9.6 டன். புயற்காற்று சதுர மீட்டருக்கு 1,000 நியூட்டன் அழுத்தத்தைத் தருமாயின், அதே 12 கம்பிகளின் மீது பக்கவாட்டில் 15 டன்னுக்கு மேற்பட்ட விசை செயற்படும். விரலை விடச் சற்றே பருத்த ஒரு கம்பி இவ்வளவு காற்றை வாங்குமா என்ற ஐயம் எழலாம். 400 மீட்டர் நீளம் என்பதை மறக்கலாகாது; காற்றை எதிர்கொள்ளும் பரப்பு கம்பி ஒன்றுக்கு 12.7 சதுர மீட்டர் ஆகும். அவ்விசையும் கோபுரத்தின் மேற்பகுதியில் செயற்படுவதால், கவிழ்க்கும் விளைவு மிகப் பெரிது.

தடம் திரும்பும் இடங்களில் நிலைமை இன்னும் கடுமையானது. நேர்த்தடத்தில் இருபக்க இழுவிசைகளும் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. 60 பாகை திரும்பும் இடத்தில், ஒரு கம்பியின் முழு இழுவிசைக்கு ஈடான விசை கோபுரத்தைத் திருப்பத்தின் உட்புறமாக இழுக்கின்றது. 12 கம்பிகளுக்கு இது ஏறத்தாழ 43 டன். புயல் இல்லாத நாளிலும், இரவும் பகலும் இவ்விழுவை நீங்குவதில்லை. எனவே இந்திய நடைமுறையில், 2 பாகை வரை திரும்பும் இடங்களுக்கான தொங்கு கோபுரம் தொடங்கி, 15, 30, 60 பாகை வரையிலான திருப்பங்களுக்கு உரிய இழுவைக் கோபுரங்கள் வரை தனித்தனி வகைகள் வடிவமைக்கப்படுகின்றன. மின்காப்பிச் சரம் செங்குத்தாகத் தொங்கினால் அது தொங்கு கோபுரம் என்றும், கம்பியின் போக்கிலேயே கிடையாக நீண்டிருந்தால் இழுவைக் கோபுரம் என்றும் சாலையில் நின்றே அடையாளம் காணலாம்.

எத்தகைய புயலுக்கு வடிவமைப்பது என்பது கணக்கு மட்டுமன்று, ஒரு தெரிவும் ஆகும். இந்தியத் தரநிலை 802, நாட்டை நொடிக்கு 33 முதல் 55 மீட்டர் வரையிலான ஆறு காற்று வலயங்களாகக் கொள்கின்றது. 400 கிலோவோல்ட் வரையிலான சாதாரணத் தடங்களுக்கு 50 ஆண்டுக்கு ஒருமுறை வரத்தக்க காற்றும், அதற்கு மேற்பட்ட மின்னழுத்தங்களுக்கு 150 ஆண்டுக் காற்றும், ஆறுகளைக் கடக்கும் உயர்ந்த கோபுரங்களுக்கு 500 ஆண்டுக் காற்றும் அளவாகக் கொள்ளப்படுகின்றன. '50 ஆண்டுக் காற்று' என்பது 50 ஆண்டு முடிந்த பின்னரே வரும் காற்று அன்று. கோபுரம் 50 ஆண்டு நிற்குமாயின், அக்காலத்துக்குள் அவ்வளவு காற்று ஒரு முறையேனும் வீசுவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. 150 ஆண்டுக் காற்றுக்கு இது 28 விழுக்காடு. 500 ஆண்டுக் காற்றுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு. உறுப்புகளில் விடப்படும் கூடுதல் வலிமையினால் அக்காற்றில் கோபுரம் உடனே வீழ்ந்துவிடுவதில்லை. சுழற்காற்று போன்ற குறுகிய பரப்பில் வீசும் கடுங்காற்றுகள் இக்கணிப்புகளுக்குள் எளிதில் அடங்குவதும் இல்லை. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆசுத்திரேலியாவில் இத்தகைய காற்றுகளால் இருபதுக்கும் மேற்பட்ட கோபுரங்கள் சாய்ந்தன. அதனைத் தொடர்ந்து அம்மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது.

கம்பி அறுதலும் தொடர்சரிவும்

கோபுரங்கள் கம்பிகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒரு கம்பி அறுந்தால், அதுவரை சமன்பட்டிருந்த இழுவிசை ஒரு பக்கம் மட்டும் எஞ்சி, கோபுரத்தைத் தடத்தின் போக்கில் இழுக்கும். தொங்கு கோபுரம் இத்திசையில் ஒப்பீட்டளவில் வலுக் குறைந்தது. அது சாய்ந்தால், அதன் கம்பிகள் அடுத்த கோபுரத்தை இழுத்துச் சாய்க்கும், அது அதற்கடுத்ததை. இதுவே தொடர்சரிவு எனப்படுகின்றது.

1998 சனவரியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பல நாட்கள் தொடர்ந்து உறைமழை பெய்தது. கம்பிகளின் மேல் பனிக்கட்டி தடித்துப் படிந்தது. ஆயிரம் அளவிலான எஃகுக் கோபுரங்களும் பல்லாயிரம் மரக் கம்பங்களும் வீழ்ந்தன. ஏறத்தாழ 14 இலட்சம் இணைப்புகள் மின்சாரம் இழந்தன. கடுங்குளிர் காலத்தில் சில பகுதிகளுக்கு மின்சாரம் மீள ஒரு மாதத்தை நெருங்கியது. பனிச் சுமை தாங்காது முறிந்தவற்றைத் தவிர, பக்கத்துக் கோபுரம் இழுத்ததால் வீழ்ந்தவையும் பல. செருமனியின் மூன்சுட்டர்லாந்துப் பகுதியில் 2005 நவம்பரில் ஈரப்பனி படிந்து 82 கோபுரங்கள் முறிந்தன. ஏறத்தாழ 2,50,000 மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். முறிந்தவற்றுட் சில பழைய தோமசு முறை எஃகால் ஆனவை என்பதும், அவ்வெஃகு காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடையும் என்பதும் அப்போது பெரும் விவாதத்துக்கு உள்ளாயின.

எல்லாக் கோபுரங்களையும் தொடர்சரிவைத் தாங்குமளவு வலுவாக்குவது பெருஞ்செலவு. ஆகவே பொறியாளர்கள் வேறு வழியை மேற்கொள்கின்றனர். குறிப்பிட்ட இடைவெளிகளில், ஒருபக்கக் கம்பிகள் அனைத்தும் அறுந்தாலும் நிற்கவல்ல கோபுரங்களை நிறுத்துகின்றனர். சரிவு அங்கு வந்து நின்றுவிடும். சில கோபுரங்கள் வீழலாம், தடம் முழுவதும் வீழலாகாது என்பதே இங்குள்ள கொள்கை. கியூபெக்கில் 1998 க்குப் பின்னர் இத்தகைய தடுப்புக் கோபுரங்கள் பல தடங்களில் சேர்க்கப்பட்டன.

உறுப்புகளும் அடித்தளமும்

பின்னல் கோபுரத்தின் உறுப்புகள் 'ஆங்கிள்' எனக் கடைகளில் விற்கப்படும் கோண இரும்பினால் ஆனவை. துளையிட்டு, துத்தநாகப் பூச்சிட்டு, தளத்துக்குக் கொண்டுசென்று திருகாணிகளால் பொருத்துவர். மாட்டுவண்டியில் ஏற்றியும் தலைச்சுமையாகவும் கொண்டுசெல்ல இயலுவதே மலைப்பகுதிகளில் இவ்வடிவம் நிலைத்தமைக்கு ஒரு காரணம்.

நீண்ட மெல்லிய சட்டம் ஒன்றை இருபுறமும் அழுத்தினால், அது நசுங்கும் முன்னரே பக்கவாட்டில் வளைந்துவிடும். லியோனார்டு ஆய்லர் 18 ஆம் நூற்றாண்டிலேயே இதன் கணக்கைத் தந்துள்ளார். சட்டத்தின் நீளம் பாதியானால் அது தாங்கும் சுமை நான்கு மடங்காகும். கோபுரத்தில் காணப்படும் சிறு சட்டங்கள் பலவற்றின் வேலை, சுமை தாங்குவது அன்று. பெரிய சட்டங்களை இடையில் பற்றி அவற்றின் நீளத்தைக் குறைப்பதே ஆகும். கணக்கில் இவற்றுக்கு விசை ஏறத்தாழ இல்லை எனலாம். அதனாலேயே இவை பயனற்றவை எனக் கருதிப் பழைய இரும்புக்காகக் கழற்றிச் செல்வோர் உள்ளனர். இத்தகைய சட்டங்களை இழந்த கோபுரம் அமைதியான நாட்களில் அப்படியே நிற்கும். புயலன்று கால் மடங்கி வீழும். தரையிலிருந்து சில மீட்டர் உயரம் வரை, கழற்ற இயலாத தனிவகைத் திருகாணிகள் இடப்படுவது இதன் பொருட்டே.

அடித்தளத்தைப் பொறுத்தவரை, கோபுரம் மண்ணில் அமிழ்வதை விட மண்ணிலிருந்து பிடுங்கப்படுவதே பெரும் சிக்கல். முன்னர்க் கண்ட கோபுரத்தின் கால்கள் 10 மீட்டர் இடைவெளியில் இருப்பதாகவும், கம்பிகளின் மீதான காற்றுவிசை சராசரி 30 மீட்டர் உயரத்தில் செயற்படுவதாகவும் கொண்டால், காற்று வரும் பக்கத்துக் கால் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 23 டன் விசை மேல்நோக்கி இழுக்கும். கோபுரம் 15 டன் எனில், அதுவும் கம்பிகளும் சேர்ந்து கால் ஒன்றுக்குத் தரும் எடை 6 டன் மட்டுமே. மீதி 17 டன்னையும் கற்காரையின் எடையும் அதன்மேல் ஆப்பு வடிவில் அமர்ந்துள்ள மண்ணின் எடையுமே பிடித்து நிறுத்தவேண்டும். ஈரத்தில் பருத்து வெயிலில் வெடிக்கும் கரிசல் மண்ணில் இம்மண்ணாப்பை முழுதாக நம்ப இயலாது. அங்கு அடிப்புறம் அகன்ற தூண் அடித்தளங்கள் ஆழமாக இடப்படுகின்றன.

சோதனை

ஒரே வடிவம் நூற்றுக்கணக்கில் நிறுத்தப்படுவதால், முதலில் முழு அளவில் ஒன்றைக் கட்டி, எஃகு வடங்களால் பல திசைகளிலும் இழுத்துச் சோதிப்பது வழக்கம். கணினிக் கணிப்பு வளர்ந்த பின்னரும் இவ்வழக்கம் நீடிக்கின்றது. இணைப்புகளில் ஏற்படும் சிறு மையப் பிறழ்வுகளைக் கணிப்புகள் தவறவிடுவதுண்டு. இந்தியாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இத்தகைய சோதனை நிலையம் ஒன்றை நடத்துகின்றது.

நிலம்

கோபுரத்தின் நான்கு கால்களுக்கிடைப்பட்ட நிலம் சிறிது. கம்பிகளின் கீழான வழித்தடம் பெரிது: 132 கிலோவோல்ட்டுக்கு 27 மீட்டர், 220 கிலோவோல்ட்டுக்கு 35 மீட்டர், 400 கிலோவோல்ட் இரட்டைச் சுற்றுக்கு 46 மீட்டர் அகலம். அதில் வீடு கட்ட இயலாது. தென்னை போன்ற உயர்ந்த மரங்களை வளர்க்க இயலாது. சத்தீசுகரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் உள்ளிட்ட திட்டங்களை எதிர்த்துத் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட உழவர்கள் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் போராடினர். சாலையோரமாக நிலத்தடி வடம் பதிக்கவேண்டும் என்பது அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் தடம் கேரளத்தில் ஒரு பகுதி நிலத்தடி வடமாகவே அமைந்தது. நீண்ட தொலைவுக்கு நிலத்தடி வடம் பன்மடங்கு செலவு பிடிப்பது எனினும், அச்செலவைத் தவிர்ப்பதன் சுமை தடம் செல்லும் வழியில் நிலம் வைத்திருப்போர் மீதே இறங்குகின்றது என்பதும் மறுக்கவியலாதது. இந்திய மின்துறை அமைச்சு 2015 இல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், வழித்தடத்துக்கு அதிக அளவாக 15 விழுக்காடும் இழப்பீடு தரப் பரிந்துரைத்தது. 2024 இல் இவை முறையே 200, 30 விழுக்காடுகளாக உயர்த்தப்பட்டன.

குறிப்பிடத்தக்க கோபுரங்கள்

சீனாவின் செசியாங் மாகாணத்தில் இரு தீவுகளுக்கிடையே 2,656 மீட்டர் இடைத்தூரத்தைக் கடக்கும் கோபுரங்கள் 380 மீட்டர் உயரமானவை. 2019 இல் அமைக்கப்பட்டன. இத்தாலியின் மெசினா நீரிணையில் 1955 முதல் 1994 வரை கம்பி தாங்கிய இரு கோபுரங்கள், கம்பிகள் நீக்கப்பட்ட பின்னரும் நினைவுச்சின்னங்களாக நிற்கின்றன. உருசியாவில் ஓக்கா ஆற்றைக் கடக்க விளாதிமிர் சூக்கொவ் 1920களின் இறுதியில் அமைத்த கோபுரங்கள் வேறு வகையின. நேரான எஃகுச் சட்டங்களைச் சாய்த்துப் பின்னியதால், இடை சிறுத்த கூடை போன்ற வடிவில் 128 மீட்டர் உயர்ந்த இரு கோபுரங்கள் அங்கு இருந்தன. அவற்றுள் ஒன்றைப் பழைய இரும்புக்காக 2005 இல் சட்டத்துக்குப் புறம்பாக வெட்டி வீழ்த்தினர். மற்றையது பின்னர் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் ஆற்றங்கரையில் நிற்கின்றது.