உண்பவரின் தகுதியும் ஊனின் தகுதியும்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, இளந்திரையனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழியில் கிடைக்கும் விருந்துகளை விரிவாகச் சொல்கிறது. எயினர் குடியிருப்பில் சிவந்த நெற்சோற்றுடன் நாய் பிடித்துத் தந்த சினை உடும்பின் வறுவல். உழவர் வீட்டில் கோழி. அந்தணர் இல்லத்தில் மாதுளங்காயும் மாவடுவும். கள் சமைக்கும் பெண்களிடம், குழியில் நிறுத்தி மாவூட்டிக் கொழுக்க வைத்த ஆண்பன்றி. இவற்றில் எதையும் புலவர் தாழ்த்திப் பேசவில்லை. அகநானூற்று 309ஆம் பாட்டில் மழவர் வேம்படியில் ஆவைப் பலியிட்டு உண்கிறார்கள். அங்கும் அருவருப்பின் சாயல் இல்லை.

இந்த ஏற்பு எப்படிக் குலைந்தது? வயலெலியை எடுத்துக்கொள்வோம். அறுவடை முடிந்ததும் இருளர் பழங்குடியினர் வரப்பில் வளை பார்க்கிறார்கள். மற்ற வாய்களை மண்ணால் அடைத்து, ஒன்றில் மட்டும் வைக்கோல் புகையும் சட்டியை வைத்து, அடித்துளை வழியே ஊதுகிறார்கள். மயங்கிய எலியோடு வளைக்குள் அது சேர்த்த நெற்கதிரும் வெளியே வரும். எலியை வைக்கோல் தீயில் வாட்டி, மயிர் சுரண்டி, குடல் நீக்கி, உப்பும் மஞ்சளும் தடவிச் சுடுகிறார்கள். நெல் தின்று வளர்ந்த உடல் அது.

மானிடவியலாளர் மார்வின் ஹாரிஸ் சொல்வதுபோல் உணவு விலக்குகளுக்குப் பொருளாதாரக் கணக்கே அடிப்படை என்றால், செலவின்றிக் கிடைப்பதும் எப்படியும் கொல்ல வேண்டியதுமான இந்த எலி ஊருக்கே உணவாகியிருக்க வேண்டும். வகைப்பாட்டுக்குள் அடங்காத உயிரே விலக்கப்படுகிறது என்றார் மற்றொரு மானிடவியலாளர் மேரி டக்ளஸ் (1966). வீட்டுக்குள் புகும் எலிக்கு அது பொருந்தலாம். வயலில் பிறந்து வயலிலேயே மடியும் எலிக்குப் பொருந்தாது. எலி பிடிக்க இருளரை அழைக்கும் உழவரே அதைத் தின்ன மறுப்பதை இருவர் கோட்பாடும் விளக்கவில்லை.

விளக்கத்துக்கு அம்பேத்கரிடம்தான் போக வேண்டும். 'தீண்டப்படாதோர்' (1948) நூலில், பௌத்தத்துடனான போட்டியில் பிராமணர் மாட்டிறைச்சியைக் கைவிட்டார்கள் என்றும், இறந்த மாட்டைத் தொடர்ந்து உண்டவர்கள்மீது தீண்டாமை விழுந்தது என்றும் வாதிட்டார். உணவிலிருந்து மனிதருக்கு இழிவு பாய்ந்த கதை அது. பாய்ச்சல் எதிர்த்திசையிலும் நடக்கிறது என்பதே என் வாதம்: கடைநிலையில் வைக்கப்பட்டவர் தின்பதாலேயே எலி கடைநிலைக் கறியாகிறது. காடையைப் பாருங்கள். நரிக்குறவர் கண்ணி வைத்துப் பிடித்து விற்றவரை அது ஏழைகளின் கறி. பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை வந்தபின் அசைவ உணவகங்களில் காடை வறுவல் விருப்ப உணவாகிவிட்டது. இனம் வேறுதான், ஆனால் மதிப்பை உயர்த்தியது சுவையன்று. விற்பவரும் உண்பவரும் மாறியதுதான்.

எலிக்காய்ச்சல் அச்சத்தைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. அந்நோய் எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவுகிறது; ஆகவே நாற்று நடுபவருக்கும் அதே ஆபத்து இருக்கிறது. அதற்காக அரிசியை யாரும் ஒதுக்குவதில்லை. உடும்பின் நிலை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை வேட்டையாடுவதைத் தடுப்பது இனத்தைக் காக்க. அந்தத் தடையை நான் ஏற்கிறேன். ஆனால் அருவருப்பைப் பாதுகாப்பின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

இந்த அருவருப்பின் விளைவு ஆய்வுக் களத்திலும் தெரிகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் வினாப்பட்டியலில் மீன், முட்டை, கோழி, இறைச்சி போன்ற பொது வகைகளே உள்ளன. எலியும் நத்தையும் ஈசலும் பெயர் சொல்லிக் கேட்கப்படுவதில்லை. கேட்டாலும், ஏளனத்துக்கு அஞ்சுபவர் வெளியாளிடம் ஒப்புக்கொள்ளத் தயங்குவார். இருளர் குழந்தைகளின் புரத உணவைக் கணக்கிட விரும்புவோர் வினாப்பட்டியலைத் திருத்துவதோடு, கேள்வி கேட்க அதே சமூகத்தவரையே பயிற்றுவித்து அனுப்ப வேண்டும்.