கேலாங்கும் அச்சமின்மையின் விலையும்

செல்வம் பெருகப் பெருகக் குற்றங்கள் தாமே குன்றிவிடும் என்று நம்புகிறவர்கள், சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்துச் சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையுடன் நோக்குவது உசிதம். 1964 செப்டம்பரில், கேலாங் சிராயில் ஒரு மலாய் டிரைஷாக்காரர் கொலையுண்டதைத் தொடர்ந்து மூண்ட இனக் கலகத்தில் 13 உயிர்கள் மாண்டன. முந்திய ஜூலைக் கலகத்தில் மடிந்தவர்களோ 23 பேர். அக்காலத்தில் சீன ரகசியச் சங்கங்கள் வியாபாரிகளிடம் மாமூல் வசூலித்ததையும், சாட்சி சொல்ல எவரும் துணியாததையும் காரணமாகக் காட்டியே, விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தை 1955ஆம் ஆண்டின் தற்காலிகக் குற்றவியல் சட்டத்தின் வழியாக அரசாங்கம் மேற்கொண்டிருந்தது. சட்டத்தோடு காவல் முறையும் மாறியது: 1983இல் ஜப்பானிய முறையைத் தழுவி, சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் முதல் அக்கம்பக்கக் காவல் நிலையம் தோன்றியது.

தனம் மட்டுமே காவலாயின், அமெரிக்காவின் கொலை விகிதம் சிங்கப்பூரைவிடப் பன்மடங்கு அதிகமாக இருப்பானேன்? சிங்கப்பூரிலும், பொருள் குவிந்த பின்னரே, 2013 டிசம்பரில், தமிழகத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்ததும் லிட்டில் இந்தியாவில் கலகம் மூண்டது. மறு ஆண்டு விசாரணைக் குழுவின் முன் போலீஸ் கமிஷனர், தமது கவலை லிட்டில் இந்தியாவைவிடக் கேலாங்கைப் பற்றியதே என்றார். அங்கே சூதும் விலைமகளிர் இல்லங்களும் கள்ளச் சிகரெட் வியாபாரமும் நெருங்கிக் கிடந்தன. 2015 ஏப்ரல் முதல் இரண்டு வட்டாரங்களும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின.

சிங்கப்பூரில் நள்ளிரவிலும் அச்சமின்றி நடக்கும் பாக்கியம் மெய்யே. அதற்கு ஈடாகத் தனிமனித சுதந்திரத்தில் ஒரு பங்கு செலுத்தப்பட்டதென்பதும் மெய்யே. 'தற்காலிக'மான அந்த 1955ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு இன்றும் அமலில் இருக்கிறது.