முஹன்னத் வாளின் எஃகு

அரபுச் செய்யுட்களில் 'முஹன்னத்' என்னும் சொல் வருமிடத்தில் 'இந்திய வாள்' எனப் பொருளுரைத்துக் கடந்துவிடுவது நம் வகுப்பறை வழக்கம். 'ஹிந்த்' என்னும் பெயரினின்று பிறந்த அச்சொல்லுக்குப் பின்னிருக்கும் எஃகைப் பற்றி நாமும் நெடுங்காலம் சிந்தித்ததில்லை.

முன்னோர் சிந்தித்திருக்கின்றனர். கலீஃபா முஃதஸிமுக்காக (ஆட்சி: கி.பி. 833–842) அல்-கிந்தி எழுதிய வாள்கள் பற்றிய நூலில் ஸரந்தீபின் எஃகும் பேசப்படுகிறது. வெறும் செவிவழிச் செய்தியன்று அது. இலங்கையின் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த இரும்புலைகளை ஆய்வாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்து 1996இல் வெளியிட்டார். அவ்வுலைகள் அல்-கிந்தியின் காலத்தையும் உள்ளடக்கியவை. அல்-பிரூனியோ ஒரு படி மேலே சென்று, மூசையில் உருகும் இருவகை இரும்புகள் முற்றிலும் கலவாமையால்தான் வாளின் மேனியில் 'ஃபிரிந்த்' என்னும் அலைக்கோலம் தோன்றுகிறது என்று காரணமும் கூறினார்.

2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்துப் பீட்டர் பாஃப்லர் குழுவினர், பதினேழாம் நூற்றாண்டில் அஸதுல்லாஹ் என்னும் கொல்லர் வடித்த வாளின் சிறு துண்டை அமிலத்தில் கரைத்து ஆராய்ந்தனர். அதில் கார்பன் நானோ குழாய்கள் தென்பட்டதாக அறிவித்தனர். உடனே, 'முஸ்லிம்கள் நானோ தொழில்நுட்பத்தை அன்றே அறிந்திருந்தனர்' என்ற முழக்கம் எழுந்தது. நாமும் ஒரு மேடையில் அவ்வாறு பேசியதுண்டு. இன்று அதற்காக வெட்குகிறோம். அக்கொல்லர் அறிந்திருந்தது நெருப்பின் நிறத்தையும் சம்மட்டியின் அளவையும். அணுக்களின் அமைப்பையன்று.

அமெரிக்காவின் வெர்ஹோவன் என்னும் உலோகவியலாரும் பென்ட்ரே என்னும் கொல்லரும் சேர்ந்து அவ்வாளை மீண்டும் செய்தே பார்த்தனர். 0.01 விழுக்காட்டிற்கும் குறைவான வனேடியம் இருந்தாலே, திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கையில் இரும்புக் கார்பைடு வரிவரியாகப் படிந்து கோலம் உண்டாகிறது என்று 1998இல் விளக்கினர். அதுபோன்ற தனிமங்கள் ஏதும் இல்லாத தாதுவில் எத்தனை முறை அடித்தாலும் கோலம் வராது. கலை மறைந்ததற்கு, உரிய தாது கிடைக்காமற் போனதே காரணமாயிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. தன் கைத்திறன் ஏன் பொய்த்ததென்று கடைசிக் கொல்லர் அறிய வழியே இருந்திராது.

அஸதுல்லாஹ்வின் பெயர் வாளில் நிலைத்தது. தமிழகத்தில் மேல்சிறுவலூரிலும் எஃகு உருக்கிய மூசைத் துண்டுகள் கிடைத்துள்ளன. தென்னாட்டில் மூசைக்குள் இரும்புடன் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் இட்டுக் களிமண்ணால் மூடி உருக்கியதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. மூடியவர்களின் பெயர் ஒன்றையும் நாம் எந்த நூலிலும் காணவில்லை.