ஊசி ஏறிய குதிரை

திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரின் முதுகை அறிந்த நாம், நுவரெலியாவில் வெள்ளைத் துரைமார் தொடக்கிவைத்த குதிரைப் பந்தயத்தை வெறும் வேடிக்கையாகக் கொள்ளவியலாது. உழைக்கும் உடல் ஒன்று. ஆதாயம் பெறும் கை வேறொன்று. பந்தயம் பெருந்தொழிலாகிய நாடுகளில் அவ்வுடலில் ஊசியும் ஏறிற்று.

2008இல் ஐக்கிய அமெரிக்காவில் பிக் பிரவுன் என்னும் குதிரை கென்டக்கி டேர்பி, பிரீக்னெஸ் ஆகிய இரு பெரும் பந்தயங்களை வென்றது. அதற்கு மாதந்தோறும் ஸ்டானோசோலோல் என்னும் ஸ்டீரொயிட்டு மருந்து ஏற்றியதைப் பயிற்சியாளரே ஒப்புக்கொண்டார். அன்றைய விதிகள் அதனைத் தடுக்கவில்லை! ஏப்ரலுக்குப்பின் ஊசி இல்லை. ஜூன் மாதத்து மூன்றாம் பந்தயத்தில் குதிரை கடைசியாயிற்று. மருந்து நின்றமையே காரணமெனத் துணிதல் முறையன்று, குளம்பிலும் வெடிப்பிருந்தது.

ஆண் ஓமோனை ஒத்த இம்மருந்து பசியைத் தூண்டும், தசையைப் பெருக்கும், கடும் பயிற்சியின் களைப்பை விரைந்து ஆற்றும். அவ்வோமோன் இயல்பிலேயே குறைந்த பெட்டைகளிலும் காயடித்த குதிரைகளிலும் அதன் வேலை மிகுதி. ஆனால், பருத்த தசையின் பாரத்தைத் தாங்கவேண்டிய தசைநாண் அதே விரைவில் வலுப்பெறுவதில்லை. பெட்டையின் கருவளமும் குன்றும்.

2013இல் இங்கிலாந்தில், துபாய் ஆட்சியாளரின் கொடொல்பின் இலாயத்துக் குதிரைகளில் ஸ்டீரொயிட்டு கண்டறியப்பட்டது. பயிற்சியாளர் மஹ்மூத் அல் சரூனிக்கு 8 ஆண்டுத் தடை. 2012இல் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்ற என்கேயும் அக்குதிரைகளுள் ஒன்று. அவ்வெற்றியை நீக்கவில்லை, குதிரைகளுக்கோ 6 மாதத் தடை விதித்தனர்.