பின்னால் வந்த பெயர்: 'யாட் ராக்' என்ற சொல் அந்த இசைக்குப் பொருந்துமா?

பொருள் முதலில் பிறக்கிறது, பெயர் பிறகு வருகிறது. குழந்தைக்குக்கூட பதினோரு நாள் கழித்துத்தான் பெயர் சூட்டுகிறோம். ஆனால் பொருள் பிறந்து முப்பது வருஷம் ஆன பிறகு, பெற்றவர்களைக் கேட்காமல், மூன்றாம் மனிதர் ஒருவர் வந்து விளையாட்டாக ஒரு பெயர் வைத்து, அதுவே ஊர் முழுக்க நிலைத்துவிட்டால் அதை ஏற்பதா, தள்ளுவதா? இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்டது இதைத்தான்.

இம்மாதிரி மலர்களில் கல்வெட்டு, காப்பியம், கோயில் என்று எழுதுவதே வழக்கம். அமெரிக்கப் பாட்டு இங்கே எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் மாட்டிக் கேட்கும் பழைய ஆங்கிலப் பாட்டுகளில் ஒரு வகைக்கு 'யாட் ராக்' என்று பெயர். யாட் என்றால் செல்வர்கள் பொழுதுபோக்குக்கு வைத்திருக்கும் உல்லாசப் படகு. 'உல்லாசப் படகு ராக்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டுகளைப் பாடியவர்களில் பலர் படகுக்காரர்கள் இல்லை. பாடிய காலத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. வரலாறு படிப்பவனுக்கு இது ஒரு நல்ல வழக்கு.

எந்த இசை?

1970களின் நடுவிலிருந்து 1980களின் முதல் சில ஆண்டுகள் வரை, பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் உருவான மெல்லிசை இது. ராக் குழுவின் டிரம்ஸும் கிடாரும் இருக்கும், ஆனால் சத்தம் குறைவு. ஸ்வரக் கோவைகளை ஜாஸ் இசையிலிருந்தும், தாள நடையைக் கறுப்பின மக்களின் ஸோல், ரிதம் அண்ட் புளூஸ் இசையிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். ஃபெண்டர் ரோட்ஸ் என்ற மின் பியானோவின் மணி மாதிரியான நாதம் அடியில் ஓடும். மேலே அடுக்கடுக்காகக் குரல்கள். ஒரே நாடாவில் 24 தடங்கள் பதியும் வசதி அப்போது வந்திருந்ததால், ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து, பிசிறு தட்டாமல் இழைத்தார்கள். வழவழப்புதான் இதன் அடையாளம்.

உதாரணமாகச் சில: பாஸ் ஸ்காக்ஸின் 'சில்க் டிகிரீஸ்' (1976), ஸ்டீலி டேன் குழுவின் 'ஏஜா' (1977), டூபி பிரதர்ஸின் 'மினிட் பை மினிட்' (1978), கிறிஸ்டோபர் கிராஸின் முதல் ஆல்பம் (1979), டோட்டோ குழுவின் 'டோட்டோ 4' (1982). இவை சில்லறைச் சரக்கு அல்ல. கிறிஸ்டோபர் கிராஸ் 1981 கிராமி விழாவில் முதன்மையான நான்கு விருதுகளையும் ஒரே இரவில் வாங்கினார். 2020இல் பில்லி ஐலிஷ் என்ற இளம்பெண் வாங்கும்வரை அந்தச் சாதனையை வேறு யாரும் செய்யவில்லை.

அன்றைக்கு என்ன சொன்னார்கள்?

பெயர் இல்லாமல் இல்லை. வானொலிக்காரர்கள் 'சாஃப்ட் ராக்' என்றார்கள். பில்போர்டு பத்திரிகை 1961 முதல் நடத்திவந்த 'ஈஸி லிஸனிங்' பட்டியலை 1979இல் 'அடல்ட் கன்டெம்பரரி' என்று பெயர் மாற்றியது. கேட்பவர் வயதை வைத்து இட்ட பெயர் அது. ஐரோப்பிய ரசிகர்கள் 'வெஸ்ட் கோஸ்ட்' என்று ஊரை வைத்து அழைத்தார்கள். ஜப்பானில் 'ஏ.ஓ.ஆர்.' என்றார்கள், 'வயது வந்தோருக்கான ராக்' என்ற பொருளில். அதே மூன்று எழுத்துக்கு அமெரிக்க வானொலியில் 'ஆல்பம் சார்ந்த ராக்' என்று அர்த்தம். கடல் தாண்டியதும் அர்த்தம் மாறிவிட்டது பாருங்கள்.

இந்தப் பெயர்கள் எல்லாம் விற்பவர் வைத்தவை, அல்லது வாங்குபவர் வைத்தவை. இசைக்கலைஞர்கள் கூடிப் பேசி வைத்தது ஒன்றுகூட இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த பெயர் மட்டும்தான் வெளியார் பெயர் என்று சொல்ல முடியாது.

படகு எப்படி வந்தது?

2005இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'சேனல் 101' என்ற மாதாந்திரக் குறும்பட நிகழ்ச்சி நடந்துவந்தது. ஐந்தைந்து நிமிஷப் படங்களைத் திரையிடுவார்கள். பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டால் அந்தத் தொடர் அடுத்த மாதமும் தொடரும். அங்கே ஜே. டி. ரிஸ்னர், ஹன்டர் ஸ்டேர், லேன் ஃபார்ன்ஹாம் ஆகியோர் 'யாட் ராக்' என்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினார்கள். ஸ்டீவ் ஹ்யூயி என்ற இசை விமர்சகர் முன்னால் நின்று கதை சொல்வார். ஒட்டு மீசையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு மைக்கேல் மெக்டொனால்டு, கென்னி லாகின்ஸ் முதலானவர்களாக நடித்தார்கள். பாட்டு பிறந்த கதை என்று கற்பனையை அவிழ்த்துவிட்டார்கள்.

இருந்தாலும் விஷயம் தெரிந்த கேலி அது. முதல் பகுதி 'வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்' என்ற பாட்டு உருவானதைப் பற்றியது. அதை மெக்டொனால்டும் லாகின்ஸும் சேர்ந்து எழுதியது உண்மை. 1978இல் லாகின்ஸ் முதலில் பதிவு செய்தார், டூபி பிரதர்ஸ் பதிவு 1979இல் முதலிடம் பிடித்தது, 1980 கிராமி விழாவில் பரிசும் பெற்றது. ஆக, கற்பனைக்கு அடியில் சரித்திரம் இருந்தது.

தொடர் இணையத்தில் பரவியது. பிறகு செயற்கைக்கோள் வானொலியில் தனி அலைவரிசை வந்தது. 2024இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சி முழுநீள ஆவணப்படமே எடுத்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் கேலிப் பெயர் வகைப் பெயர் ஆனது.

பொருந்தும் என்பார் வாதம்

இந்தப் பெயருக்கு முன்னால், இந்த ஆல்பங்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்பது உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சான கலைஞர் பட்டியலைப் படித்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சாதாரணக் கேட்பவருக்கு ஸ்காக்ஸ் வேறு, ஸ்டீலி டேன் வேறு, கிராஸ் வேறு.

பட்டியலைப் பாருங்கள். ஸ்காக்ஸின் 'சில்க் டிகிரீஸ்' ஆல்பத்தில் வாசித்த டேவிட் பெய்ச், ஜெஃப் போர்கரோ, டேவிட் ஹங்கேட் ஆகியோரே அடுத்த ஆண்டு டோட்டோ குழுவைத் தொடங்கினார்கள். போர்கரோ 1975இலேயே ஸ்டீலி டேனுக்கு டிரம்ஸ் வாசித்தவர். அதே ஆல்பத்தில் பின்குரல் பாடிய மெக்டொனால்டு பிறகு டூபி பிரதர்ஸின் முதன்மைக் குரல் ஆனார், கிராஸுக்கும் பின்குரல் கொடுத்தார். 'ஏஜா'வில் 'பெக்' என்ற பாட்டில் கிடார் தனி ஆவர்த்தனம் வாசித்த ஜே கிரேடன், எர்த் விண்ட் அண்ட் ஃபயர் என்ற கறுப்பினக் குழு 1979இல் பாடிய 'ஆஃப்டர் தி லவ் ஹேஸ் கான்' பாட்டை எழுதியவர்களில் ஒருவர். டோட்டோ ஆட்கள் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' (1982) ஆல்பத்திலும் வாசித்தார்கள்.

கைமாறிக் கைமாறி ஒரே வட்டத்து ஆட்கள். இது ஒரு பட்டறை. கும்பகோணத்துப் பாத்திரம் யார் கடையில் விற்றாலும் அடித்த கை தெரிகிற மாதிரி. 'சாஃப்ட் ராக்' என்ற பழைய பெயர் இந்தப் பட்டறையைக் காட்டவில்லை. மென்மையாக இருந்தால் போதும், எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியது. படகுப் பெயர்தான், கேலியாக இருந்தாலும், பட்டறையைச் சுட்டிக்காட்டியது. இது அதன் உண்மையான லாபம்.

பொருந்தாது என்பார் வாதம்

முதலாவது, படகு. கிராஸுக்கு 'செய்லிங்' என்ற பாட்டு உண்டு. லாகின்ஸும் மெஸ்ஸினாவும் 1973 ஆல்பத்தின் உறையில் படகில் நிற்கிறார்கள். மற்றபடி படகு அதிகம் இல்லை. டோட்டோவின் பெரிய பாட்டு ஆப்பிரிக்காவைப் பற்றியது. ஸ்டீலி டேனின் பாட்டுகளில் தோற்றுப்போனவர்களும் ஏமாற்றுப் பேர்வழிகளும்தான் நடமாடுவார்கள். பெயரைக் கேட்டவன் பணக்காரன் வெயில் காயும் பாட்டு என்று நினைப்பான். வார்த்தையைக் கேட்க மாட்டான்.

இரண்டாவது, உரியவர்கள் சம்மதம். 2024 ஆவணப்படத்துக்காக ஸ்டீலி டேனின் டொனால்டு ஃபேகனைத் தொலைபேசியில் அழைத்தபோது, வகைப் பெயரைக் கேட்டதுமே கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வைத்துவிட்டார். மெக்டொனால்டோ சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்கிறார். ஒரே பெயர், ஒருவருக்கு அவமானம், ஒருவருக்கு மறுவாழ்வு.

மூன்றாவதுதான் எனக்குக் கனமாகப் படுகிறது. இந்த இசையின் முதலீடு கறுப்பின மக்களுடையது. ஸ்காக்ஸின் 'லோடவுன்' பாட்டு வாங்கிய கிராமி, ரிதம் அண்ட் புளூஸ் பிரிவில்தான். ஜார்ஜ் பென்சன், அல் ஜாரோ, ஜேம்ஸ் இங்கிரம், குயின்சி ஜோன்ஸ் எல்லாரும் இதே கூடங்களில் இதே ஆட்களோடு வேலை செய்தவர்கள். ஆனால் உல்லாசப் படகு என்றதும் மனக்கண்ணில் வருவது வெள்ளைக்காரர், வெள்ளைக் கால்சட்டை, மாலுமித் தொப்பி. பெயர் முதலாளியை மறைத்துப் பங்காளியை மட்டும் காட்டுகிறது. இன்னொன்றும் உண்டு. கேலித் தொடர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1989இல் டி லா ஸோல் குழு 'பெக்' பாட்டின் துண்டை எடுத்து ராப் பாட்டு செய்தது. 1994இல் வாரன் ஜி 'ரெகுலேட்' பாட்டுக்கு மெக்டொனால்டின் பாட்டை அடித்தளமாக வைத்தார். இந்த இசையை மற்றவர்கள் பழசு என்று ஒதுக்கிய காலத்தில் மதித்து எடுத்தவர்கள் கறுப்பின இளைஞர்கள்.

நான்காவது, எல்லை. பெயர் சூட்டியவர்களே ஃபிலடெல்ஃபியாவின் ஹால் அண்ட் ஓட்ஸ் இதில் சேராது என்கிறார்கள். பாட்டுக்குப் பாட்டு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். ஜனங்களோ கேட்பதாக இல்லை. கடற்கரை, கிடார், மெல்லிய குரல் இருந்தால் எல்லாம் படகுதான்.

நம் பக்கத்துச் சாட்சிகள்

ஐம்பெருங்காப்பியம் என்கிறோம். சிலம்பு செய்தவருக்கும் சிந்தாமணி செய்தவருக்கும் தாம் ஐவரில் ஒருவர் என்று தெரியாது. நன்னூல் உரையில் மயிலைநாதர் அந்தத் தொடரைச் சொல்கிறார், ஐந்தின் பெயரையும் அங்கே வரிசைப்படுத்தவில்லை. பிற்காலத்தார் நிரப்பினார்கள். லாபம் என்ன? சில பாடல்களே மிஞ்சியிருக்கும் வளையாபதியும் குண்டலகேசியும் இன்றும் நம் வாயில் இருக்கின்றன. நஷ்டம் என்ன? சூளாமணி போன்ற அருமையான நூல், 'சிறுகாப்பியம்' என்ற சீட்டு ஒட்டப்பட்டதால் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போய்விட்டது. தேடிப் படிப்பவர் குறைவு.

கடையில் எவர்சில்வர் என்று விற்கிறோம். அதில் வெள்ளி குன்றிமணி அளவும் கிடையாது. வாங்குகிற அம்மாவுக்கும் தெரியும், விற்கிற எனக்கும் தெரியும். அதனால் மோசடி இல்லை. பெயர் தப்பாக இருக்கலாம், இருவருக்கும் பொருள் தெரிந்திருந்தால் வியாபாரம் நேர்மைதான். ஒருவர் அதை வெள்ளி என்று நம்பி வாங்கினால்தான் பாவம்.

வெளியூரில் வாழும் நம் எல்லாரையும் ஒரு காலத்தில் 'மதராஸி' என்றார்கள். தமிழன், தெலுங்கன், மலையாளி, கன்னடியன் எல்லாம் ஒரே சீட்டு. சிலர் கோபப்பட்டார்கள், சிலர் சிரித்துக்கொண்டு கடைப் பலகையிலேயே எழுதினார்கள். ஃபேகனும் மெக்டொனால்டும் நம் தெருவிலும் இருந்திருக்கிறார்கள்!

என் முடிவு

பின்னால் வந்தது என்பதற்காகவே ஒரு பெயரைத் தள்ள முடியாது. தள்ளினால் காப்பிய வரிசையையும் தள்ள வேண்டியிருக்கும். கேலியில் பிறந்தது என்பதும் போதுமான காரணம் இல்லை. பெயரைச் சோதிக்க இரண்டே கேள்விகள்: இது எதைக் கண்ணுக்குக் காட்டுகிறது? எதைக் கண்ணிலிருந்து மறைக்கிறது?

'யாட் ராக்' ஒரு பட்டறையைக் காட்டியது, மறந்துபோன தொழிலாளிகளின் பெயரை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதுவே அந்தப் பட்டறைக்கு முதல் போட்டவர்களை மறைத்தது, பாட்டின் கசப்பை மறைத்தது. ஆகவே அலமாரிச் சீட்டாக அது இருக்கட்டும். தேடி எடுக்க உதவும். அதையே சரித்திரம் என்று படிக்கக் கூடாது. சரித்திரம் எழுதுகிற இடத்தில் 'லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிக்கூட மெல்லிசை' என்று ஊரையும் வேலையையும் சொல்லி எழுதுவதே முறை. பெயர் நீளம்தான், ஆனால் யாரையும் வெளியே தள்ளாது.

பிள்ளைகள் 'இது யாட் ராக், தாத்தா' என்று சொன்னால் மறுக்க வேண்டாம். கூடவே உட்கார்ந்து, டிரம்ஸ் வாசித்தது யார், பாட்டை எழுதியது யார், அந்த நடை யாரிடமிருந்து வந்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். விடையைத் தேட ஆரம்பித்தால் படகு கரையிலேயே நின்றுவிடும், பிள்ளை கடலுக்குள் போய்விடும்.